பார்க்க மட்டும்

அந்த வீட்டின் பெரிய மருமகளுக்குத் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன். தொடக்கத்தில் அந்தப் பெயர் மாடிப்படியைத் தாண்டவில்லை. தன் மனைவியிடமும் தாயிடமும் சொல்லிச் சிரிப்பதோடு அவன் நிறுத்திக்கொண்டான். பிறகு அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. பெயரும் அவனோடு பேருந்தேறி வந்து கணினிப் பிரிவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் காலியாக இருப்பதை அவனுக்குச் சொன்னவளே அவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருப்பதையே பெரிய சொல்லிக்காட்டலாக அவன் எடுத்துக்கொண்டான்.

பெயர் பொருந்தவில்லை என்று சொல்வதற்கில்லை. மருத்துவமனைக் கணினிகளில் கிடக்கும் நோயாளிகளின் விவரங்களில் யார் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று விதி எழுதுவது அவளுடைய வேலை. அவள் மனம் வைக்காவிட்டால் இயக்குநருக்கே ஓர் எக்ஸ்ரே படம் திறக்காது.

அவள் அங்கே முதலில் சேர்ந்தது, பார்வையாளர் சீட்டு கொடுக்கும் ஜன்னலில். கல்யாணமாகி வந்த புதிது. ‘சும்மா பார்த்துட்டுப் போயிடறேம்மா’ என்பதே அந்த ஜன்னலுக்கு வெளியே அவள் அதிகம் கேட்ட வாக்கியம். அப்படிச் சொன்ன ஒருவரை, பார்வை நேரம் முடிந்த பிறகு, இரக்கப்பட்டு உள்ளே விட்டாள். விபத்தில் அடிபட்டுக் கிடந்த தம்பியைப் பார்க்க வந்த அண்ணன் அவர். தம்பியின் மனைவி அதே விபத்தில் இறந்திருந்தாள். உடம்பு தேறும்வரை அவனுக்கு அது தெரியக் கூடாது என்பது மருத்துவர்களின் கட்டளை. அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார், வாயைத் திறக்கவில்லை, பார்த்தார், திரும்பிவிட்டார். அவர் வராந்தாவைக் கடப்பதற்குள் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. சொல்லாத செய்தியைத் தம்பி அவர் முகத்தில் படித்துவிட்டிருந்தான்.

அன்றுமுதல் ‘சும்மா’ என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். ஜன்னலிலிருந்து கோப்பறைக்கும், கோப்பறையிலிருந்து கணினிப் பிரிவுக்கும், அங்கிருந்து அனுமதிப் பிரிவின் தலைமைக்கும் அவள் ஏறிய படிகள் அனைத்திலும் அந்த நிமிர்ந்த முதுகு கூடவே ஏறியது. அதனால் அவளை மதித்தவர்கள் உண்டு. விரும்பியவர்களைத் தேடத்தான் வேண்டும்.

கொழுந்தன் பொறுப்பேற்றிருந்த திட்டம் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரைப் பற்றியது. எல்லாரும் அதை ஏஜெண்ட் என்றே சொன்னார்கள். கட்டளையைப் புரிந்துகொண்டு, தனக்குக் கொடுத்த கருவிகளைத் தானே எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் அது. ஒரு கருவி பரிசோதனை முடிவுகளை எடுத்துத் தரும். இன்னொன்று மருந்து விவரத்தை. மற்றொன்று எந்தக் கட்டிலில் ஆள் இருக்கிறது, எது காலி என்பதை. அனைத்தும் வாசிக்க மட்டும் ஆனவை. எதையும் எழுதவோ அழிக்கவோ அவற்றால் இயலாது. காலையில் மருத்துவர்கள் வார்டைச் சுற்றிவரக் கிளம்பும் முன், ஏஜெண்ட் எல்லாவற்றையும் வாசித்துக் கட்டில்வாரியாக ஒரு சுருக்கத் தாளைத் தயார் செய்துவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் எதிரே அனுமதி, மறுப்பு, கேட்டுச் செய் என்னும் மூன்றில் ஒன்றை அவள் குறிக்க வேண்டும். மூன்றாவதைக் குறித்தால், ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் பொறுப்பான மனிதர் ஒருவரிடம் கேட்ட பிறகே அந்தக் கருவியைத் தொடலாம். கொழுந்தனுக்கு இந்த மூன்றும் வேண்டாம். ஒரே வரி போதும்: வாசிக்க மட்டும் உள்ள கருவிகள் யாவற்றுக்கும் அனுமதி. நிர்வாகக் குழு வந்து பார்வையிடும் நாளில் ஏஜெண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனை வெளியூர்க் கிளை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். அவன் போனால் மாடி காலியாகும். பிள்ளைகள் பள்ளி மாறுவார்கள். மாமியாருக்கு இளைய மகன் கண்ணுக்கு எட்டாமல் போவான். அவள் கையெழுத்துப் போட்டால் இருப்பான், போடாவிட்டால் போவான் என்று வீட்டிலிருந்த எல்லாரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு விடுமுறைக் காலையில் அவன் மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்தான். வீட்டில் அவளை அண்ணி என்பான். அலுவலகத்தில் மேடம் என்பான். இரண்டையும் ஒரே கசப்போடு சொல்லப் பழகியிருந்தான்.

“அண்ணி, அது எதையும் தொடாது. பாக்கும், அவ்வளவுதான். ரீட் ஒன்லி. இதுக்குப் போய் குட்டி போட்ட பூனை மாதிரி எத்தனை நாள் சுத்திச் சுத்தி வருவீங்க?”

“பாக்கறது சும்மா இல்ல தம்பி.”

“ஆரம்பிச்சுட்டீங்களா? அந்த ஜன்னல் கதைதானே? அந்த ஆளு மனுஷன், மூஞ்சி காட்டிக்கொடுத்துடுச்சு. ஏஜெண்டுக்கு மூஞ்சி ஏது காட்டிக்கொடுக்கறதுக்கு?”

“மூஞ்சி இல்லாததுக்குத்தான் இன்னும் யோசிக்கணும். ஒவ்வொரு கருவியா எழுதிக் கொடு. ஒவ்வொண்ணா பாக்கறேன்.”

“ஒவ்வொண்ணா பாத்தா நீங்க ரிட்டயர் ஆகற அன்னிக்குத்தான் கையெழுத்து வரும்.”

“வரட்டுமே. உனக்கு ஒரு நல்ல பிரிவுபசாரம் வைக்கச் சொல்றேன்.”

மாமியார் உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தார். “கூடப் பொறந்தவனா இருந்தா இப்படி இழுத்தடிப்பியா? அவன் பொண்டாட்டி புள்ளையோட ஊரைவிட்டே போகணும், மாடியும் உனக்கே வேணும். அதானே?”

“மாடி எனக்கு எதுக்கு அத்தை? கீழே கூட்டறதுக்கே இடுப்பு ஒடியுது.”

அவளுடைய கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். வீட்டிலும், அண்ணன் தம்பி குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில், மாடிக்கும் கீழுக்குமாகச் செய்தி சுமந்துகொண்டு ஏறி இறங்குவது அவர் பொறுப்பாகவே இருந்தது. நடுவழியில் நின்றுபோகும் லிஃப்ட் என்று கொழுந்தன் அவரைக் கிண்டல் செய்வான். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை என்பதுதான் அவளுக்கு அவர்மேல் இருந்த பெரிய கோபம்.

கொழுந்தன் கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தான். அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நோயாளியின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் காட்டும் கருவிக்கு மறுப்பு. மனநல மருத்துவரின் குறிப்புகளுக்கு மறுப்பு. கருவுற்ற பெண்களின் பரிசோதனைக்குக் கேட்டுச் செய். மருந்து, கட்டில், எக்ஸ்ரே விவரங்களுக்கு நெடுநேரம் யோசித்து அனுமதி. ஒவ்வொரு மறுப்புக்கும் கணினிப் பிரிவில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளது மேசையில் யாரோ ஒரு பழைய தாழ்ப்பாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைக் காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டாள்.

ஒரு கருவியை மட்டும் அவள் அதிகம் யோசிக்காமல் அனுமதித்தாள். பரிசோதனைக்கூடத்தின் அன்றாட முடிவுகளை வாசிக்கும் கருவி அது. பெயர் இல்லை, முகவரி இல்லை. கட்டில் எண்ணும் ரத்தத்தின் அளவுகளும் மட்டுமே. இதையும் மறுத்தால் ஏஜெண்ட் வாசிப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ‘இதையாவது கொடுத்தேன்’ என்று மாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அவளுக்குள் ஓடியது. அனுமதி என்று குறித்து, காரணம் என்ற இடத்தில் ‘யாருடையது என்று தெரியாது, தீங்கில்லை’ என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டாள்.

நிர்வாகக் குழு வருவதற்குச் சில நாட்களே இருந்தபோது ஏஜெண்ட் முதன்முதலாக எல்லா வார்டுகளுக்கும் ஓடியது. அன்று காலை அவள் கைப்பையை மேசையில் வைப்பதற்குள் தொலைபேசி அலறியது. ஆண்கள் வார்டின் தலைமைச் செவிலி. அவருக்குச் சங்கு என்று பெயர், குரல் அப்படி.

“என்னம்மா தாழ்ப்பாளு, ராத்திரி டூட்டி டாக்டருக்கு திடீர்னு ஞானம் பொறந்துடுச்சா? ஸ்கிரீன்ல ஒரு கறுப்புகூட இல்ல!”

அந்த மருத்துவமனையில் பரிசோதனை முடிவு ஒன்று வந்ததும் திரையில் தடித்த கறுப்பு எழுத்தில் நிற்கும். யாராவது திறந்து பார்த்தால் எழுத்து மெலிந்து வெளிறும். திறந்தவரே அதற்குப் பொறுப்பு. ஆபத்தான அளவு இருந்தால் அவரே ஓட வேண்டும், அவரே மருந்து சொல்ல வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனாலும் மருத்துவர்கள் காலையில் கறுப்பை மட்டும் தேடிப் பார்ப்பார்கள். வெளிறியவற்றை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று கடந்து போவார்கள். இந்த வழக்கம் அவளுக்குத் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும், கூட்டிப் பெருக்குபவருக்குக்கூடத் தெரியும்.

“ஒண்ணுகூட இல்லையா?” என்றாள்.

“எல்லாம் வெளிறிப் போயிருக்கு. சரி, யாரோ பாத்துட்டாங்கன்னு டாக்டர்மாரும் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பஸ் டிரைவர் இருக்காரு, கால் இரும்பு மாதிரி கனக்குது சிஸ்டர்னு சொன்னாரு. கையைத் தூக்கச் சொன்னேன், தூக்க முடியல. போய் ரிசல்ட்டைப் பாத்தா பொட்டாசியம் கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்குது! இதயம் நின்னு போற அளவு! யாரு திறந்தது இதை? பேரைச் சொல்லு, நான் அவனைத் திறக்கறேன்!”

அவள் திரையில் பார்த்தாள். எல்லா வார்டுகளிலும் எல்லா முடிவுகளையும் திறந்திருந்தது ஏஜெண்ட். மருத்துவர்களின் திரை எந்த வழியாக முடிவுகளை எடுக்குமோ, அந்த வழியிலேயே கருவியையும் கட்டியிருந்தார்கள். அந்த வழியில் பார்ப்பதும் திறப்பதும் ஒன்று. அது எதையும் எழுதவில்லை, எதையும் அழிக்கவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போயிருந்தது.

முதல் காரியமாக அந்தக் கருவிக்கு எதிரே மறுப்பு என்று மாற்றினாள். கை அதோடு நிற்கவில்லை. மருந்து விவரம், கட்டில் விவரம், எக்ஸ்ரே என அனுமதித்திருந்த அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடினாள். அவற்றைத் திறந்தால் என்ன நேரும் என்றும் தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது உண்மையான காரணம். அந்தக் காரணத்துக்குள் ஒரு பிடி வஞ்சமும் கலந்திருந்தது என்பதை, குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் தத்தம் விருப்பப்படி கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். இருந்தது என்று அவளே பின்னாளில் தன் கணவரிடம் சொன்னாள்.

கொழுந்தன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். அலுவலகம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது.

“அண்ணி! எல்லாத்தையும் ஏன் சாத்துனீங்க?”

“ஒரு மனுஷன் உசுரு ஊசலாடுதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அந்தப் பொட்டாசியத்தை ஏஜெண்ட் தாள்ல போட்டிருக்கு, அது தெரியுமா உங்களுக்கு? முதல் பக்கத்துல, கொட்டை எழுத்துல! டாக்டர் அதை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஸ்கிரீனைப் பாத்தா, அது என் தப்பா?”

“பழகுன கண்ணு பழகுன இடத்தைத்தான் பாக்கும்.”

“அப்போ அந்த இடத்தைத் தூக்கிடுவோம். கறுப்பும் வேணாம் வெளுப்பும் வேணாம். தாளைப் படிக்கட்டும்.”

“ஒரு காலையில கண்ணைப் பிடுங்கிட்டு வேற கண்ணு வெப்பியா?”

அவன் மேசையின் மேல் இருந்த தாழ்ப்பாளை எடுத்தான். ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, ஓசை எழும்படி வைத்தான். “காத்துக்கிட்டே இருந்தீங்க இல்ல, இப்படி ஒண்ணு நடக்கணும்னு?”

அவள் மேடம் என்று அழைக்கப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

பஸ் டிரைவர் பிழைத்துக்கொண்டார். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவர் மீண்டும் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்த அன்று, இயக்குநர் இருவரையும் அழைத்தார். அந்த அறையில் நாற்காலிகள் நிறைய இருந்தும், கொழுந்தனும் அவளும் இரண்டு கோடிகளில் உட்கார்ந்தார்கள்.

“இந்தக் கருவிக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்றார் இயக்குநர்.

“நான்தான் சார்” என்றாள்.

“காரணமும் எழுதியிருக்காங்க சார்” என்றான் கொழுந்தன். “தீங்கில்லைன்னு. அவங்க கையெழுத்து. நாங்க எந்த வழியா எடுக்கறோம்னு கேட்டிருந்தா சொல்லியிருப்போம். மேடம் கேக்கல. பேரு இருக்கா, அட்ரஸ் இருக்கான்னு மட்டும்தான் கேட்டாங்க.”

சொன்னது முழுக்க உண்மை. அந்த ஜன்னல் கதையை வருபவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வந்தவள், யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் காப்பதிலேயே கண்ணாக இருந்து, பார்ப்பதால் என்ன ஆகும் என்பதைக் கோட்டைவிட்டிருந்தாள்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு” என்றார் இயக்குநர். “அந்த ஒண்ணைச் சரி பண்ணிட்டு மத்ததைத் திறந்து விடுங்க. குழு வர்ற நேரம்.”

“முடியாது சார்.”

“என்ன முடியாது?”

“ஒவ்வொரு கருவிக்கும், அதைத் திறந்தா வார்டுல என்ன மாறுதுன்னு அங்க வேலை பாக்கறவங்க வந்து சொல்லணும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னை மாத்திட்டு வேற ஆளைப் போட்டுக்குங்க, அவங்க போடட்டும்.”

இயக்குநர் கூரையைப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கொழுந்தன் எழுந்து நின்றான். அவன் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

“தப்பு பண்ணது நீங்க. ஊரைவிட்டுப் போறது நானா?”



குழு வந்தது, பார்க்க ஒன்றுமில்லாமல் காபி குடித்துவிட்டுப் போனது. மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்கள் மாடியிலிருந்து இறங்கிய நாளில் கணவர் உண்மையாகவே லிஃப்ட் போல இயங்கினார். அலமாரி, கட்டில், பிள்ளைகளின் சைக்கிள் என்று வியர்த்து வழியச் சுமந்தார். மாமியார் தன் பெட்டியையும் அவற்றோடு கொண்டுபோய் வைத்தார். இளையவனுடன் போவதாக யாரிடமும் அவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

“அத்தை, நீங்க எதுக்கு? அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்குமா உங்களுக்கு?” என்றாள் அவள்.

“இந்த வீட்டுக் காத்தே ஒத்துக்கல. தண்ணிக்கு என்ன?”

கொழுந்தனின் மனைவியான ஓரகத்தி மட்டும் தலையசைத்து விடைபெற்றாள். கொழுந்தன் வண்டியில் ஏறும்வரை திரும்பவே இல்லை. ஏறிய பிறகு, ஓட்டுநர் பக்கமாகப் பார்த்துக்கொண்டே, “மாடியைச் சும்மா போய்ப் பாத்துட்டு வாங்க. ஒண்ணும் ஆகாது” என்றான்.

அவள் போகவில்லை. மாடிச் சாவி வெகுநாள் ஆணியிலேயே தொங்கியது.

கிளை மருத்துவமனையில் ஏஜெண்டை மீண்டும் தொடங்கப்போவதாகவும், எல்லாக் கிளைகளுக்கும் அனுமதி விதி எழுதுபவள் அவளே என்பதால் அவள் கையெழுத்து தேவை என்றும் அவனிடமிருந்து விண்ணப்பம் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. ‘மதிப்பிற்குரிய மேடம்’ என்று தொடங்கியிருந்தான். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே, திறந்தால் வார்டில் என்ன மாறும் என்று எழுதியிருந்தான். பரிசோதனை முடிவுகளுக்குக் கறுப்பு வெளிறாத தனி வழி ஒன்றைக் கட்டியிருந்தான். கடைசியில், ‘மேடத்தின் மனத்திருப்திக்காக’ என்றும் சேர்த்திருந்தான்.

அவள் நம்பவில்லை. நேராக ஆண்கள் வார்டுக்குப் போய், இதையெல்லாம் அவன் யாரையாவது கேட்டு எழுதினானா, ஊகித்து எழுதினானா என்று சங்கிடம் கேட்டாள்.

“உன் கொழுந்தன்தானே? தினம் போன் போட்டு என் உயிரை எடுத்தான். இதைத் திறந்தா என்ன ஆகும், அதைத் திறந்தா என்ன ஆகும்னு. ஒரு நாள் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா என்ன ஆகும்னு கேளுடான்னு சொன்னேன். ஏம்மா, உங்க வீட்டுல யாருமே மனுஷங்க மாதிரி பேசிக்க மாட்டீங்களா?”

“பழக்கமில்ல” என்றாள்.

மேசைக்குத் திரும்பி எல்லாக் கருவிகளையும் வரிசையாகப் பார்த்தாள். பெயரும் முகவரியும் முன்போலவே மறுப்பு. மருந்து விவரத்துக்கு அனுமதி. பரிசோதனை முடிவுகளிடம் வந்தபோது தாழ்ப்பாளைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு நெடுநேரம் திரையைப் பார்த்தாள். தனி வழி சரியாகவே கட்டப்பட்டிருந்தது. குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் அங்கே கேட்டுச் செய் என்று குறித்தாள். யாரைக் கேட்க வேண்டும் என்ற கட்டத்தில் கொழுந்தனின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், திறப்பவர் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஏஜெண்ட் கிளையில் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே, காலைக் காபி ஆறுவதற்குள் ஓரகத்தி அழைத்தாள்.

“அக்கா, விடிஞ்சும் விடியாததுமா இவர் போன் கத்துது. எடுத்தா ஏஜெண்டு, இதைத் திறக்கலாமா, அதைத் திறக்கலாமான்னு கேக்குதாம். பக்கத்துல படுத்திருக்கற எனக்கும் தூக்கம் போச்சு. இது உங்க வேலைதானே?”

“ஆமா.”

பின்னாலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது: “அந்தத் தாழ்ப்பாளைக் கேளு, இது எத்தனை நாளைக்குன்னு!” அதற்கும் பின்னாலிருந்து மாமியார் ஏதோ கரித்துக்கொட்டினார்.

“அவன் இருக்கற வரைக்கும்னு சொல்லு” என்றாள் அவள். “தூக்கக் கலக்கத்துல அமுக்க வேணாம். ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்துட்டு அமுக்கச் சொல்லு.”



“ஒவ்வொண்ணாத்தான் படிக்கறாரு அக்கா” என்றாள் ஓரகத்தி, குரலை இறக்கி. “திட்டிக்கிட்டே படிக்கறாரு.”